சோற்றை விடாமல் கொழுப்பைக் குறைக்க: உடற்பயிற்சியை ஒட்டி மாவுச்சத்தை எப்போது, எவ்வளவு சாப்பிடுவது

வேலூர்க் கோட்டை மைதானத்தில் விடியற்காலையில் நடக்க வருபவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ‘சோற்றை அடியோடு நிறுத்திவிட்டேன்’ என்று ஒருவராவது பெருமையாகச் சொல்வார். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆறு வாரம் சோறு, இட்லி, தோசை எதையும் தொடவில்லை. முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கியது. அதன்பிறகு எடை நகரவில்லை, ஜிம்மில் தூக்கிக்கொண்டிருந்த பளுதான் வாரம் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தது. ஏழாவது வாரம் காட்பாடியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தேன். அங்கே உடைந்த கட்டுப்பாடு திரும்பவே இல்லை. இரண்டே மாதத்தில் பழைய எடைக்கு வந்து சேர்ந்தேன்.

இப்போது தினமும் சோறு சாப்பிடுகிறேன். இடுப்பளவு குறைந்து, குறைந்த அளவிலேயே நிற்கிறது. நான் மாற்றியது இரண்டே விஷயங்கள்: சோற்றின் அளவையும், அதைத் தட்டில் வைக்கும் வேளையையும். வட ஆற்காட்டுக்காரர்களிடம் சோற்றையும் களியையும் பறித்துவிட்டு இளைக்கச் சொன்னால் ஆறு வாரத்துக்குமேல் தாங்காது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. புதிதாகப் பயிற்சி தொடங்குபவர்கள் அந்த ஆறு வாரத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் வாரம் இறங்கிய இரண்டு கிலோ எங்கே போனது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கிறது. தசைகளில் சுமார் 300 முதல் 500 கிராம், கல்லீரலில் சுமார் 80 முதல் 100 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் இந்தச் சேமிப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் வெளியேறுகிறது. 400 கிராம் கிளைகோஜன் கரைந்தால் தண்ணீரோடு சேர்த்து ஒன்றரை கிலோவுக்குமேல் எடை இறங்கும். அதில் கொழுப்பு ஒரு துளிகூட இல்லை. மறுபடி இரண்டு நாள் வயிறாரச் சோறு சாப்பிட்டால் அவ்வளவும் திரும்பி வந்துவிடும். ‘சோறு தொட்டதும் ஏறிவிட்டது’ என்று அலறுவது இதைப் பார்த்துத்தான்.

குந்தி எழும் ஸ்குவாட், பளு தூக்குதல், வேகமாகப் படியேறுதல் போன்ற கடினமான வேலைகளுக்குத் தசை பெரிதும் நம்புவது இந்தக் கிளைகோஜனைத்தான். அது வற்றினால் பயிற்சி சோர்கிறது. பயிற்சி சோர்ந்தால், கலோரியைக் குறைத்துச் சாப்பிடும் காலத்தில் தசையைக் காப்பாற்றுவது கடினம். நமக்குக் கரைய வேண்டியது கொழுப்பு, தசை அன்று.

அளவு முதலில், வேளை அடுத்து

செலவழிப்பதைவிடக் குறைந்த கலோரி உள்ளே போனால்தான் கொழுப்பு கரையும். எந்த மணிக்குச் சாப்பிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு வேகமாகக் கரையும் என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. வெறும் வயிற்றில் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் உடல் கொழுப்பைக் கூடுதலாக எரிப்பது உண்மைதான். ஆனால் நாளின் மீதி நேரத்தில் அதற்கேற்பக் குறைவாக எரித்துச் சமன் செய்துகொள்கிறது. 2014-இல் அமெரிக்காவில் பிராட் ஷோன்ஃபெல்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 20 இளம்பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரே மாதிரி கலோரிக் குறைப்புடன் நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு குழு வெறும் வயிற்றில், மற்றது சாப்பிட்டுவிட்டு. இரு குழுவுக்கும் எடையும் கொழுப்பும் குறைந்தன. இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய, குறுகிய கால ஆய்வுதான். ஆனாலும் கலோரிக் கணக்கு சொல்வதையே அதுவும் சொல்கிறது.

அப்படியென்றால் வேளையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? பயிற்சிக்கு முன் சரியாகச் சாப்பிட்டவர் அதிகமாகத் தூக்குகிறார், வேகமாக நடக்கிறார். பயிற்சி செய்த தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை எளிதாக இழுத்துக்கொள்கிறது. இன்சுலின் நன்றாக வேலை செய்யும் இந்த நிலை ஒரு நாளுக்கும் மேலாக நீடிப்பதுண்டு. இவற்றையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது மனநிலையை. உழைத்து வந்தபின் நிறைவான ஒரு தட்டுச் சோறு காத்திருக்கிறது என்று தெரிந்தால், மற்ற வேளைகளில் கையைக் கட்டுப்படுத்துவது எளிதாகிறது. ஆறு வாரத்தில் உடையாத திட்டம் அப்படித்தான் எனக்கு அமைந்தது.

முதல் படி: உங்கள் நாள் கணக்கு

வாரம் நான்கைந்து நாள் பயிற்சி செய்பவர் தன் எடையை 30-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். 75 கிலோ என்றால் 2,250 கலோரி. எடை ஏறாமல் இறங்காமல் நிற்க இவ்வளவு தேவை என்பது தோராயக் கணக்கு. அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 450-ஐக் கழித்தால் 1,800. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும். 100 கிராம் என்று வைத்தால் 400 கலோரி. கொழுப்பு 50 கிராம், கிராமுக்கு 9 கலோரி வீதம் 450. மீதி 950 கலோரி. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி என்பதால் நாளுக்குச் சுமார் 240 கிராம் கிடைக்கிறது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இதே வழியில் சுமார் 1,450 கலோரி, 80 கிராம் புரதம், 45 கிராம் கொழுப்பு போக 180 கிராம் அளவுக்கு வரும்.

240 கிராம் என்பது பட்டினி இல்லை. சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. நடுத்தர இட்லி ஒன்றில் 12 கிராம். சாதாரண தோசை ஒன்றில் 20 முதல் 25 வரை. 70 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய களி உருண்டையில் 45-க்குச் சற்று அதிகம். ஏலக்கி வாழைப்பழம் ஒன்றில் சுமார் 15. வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 27, கூடவே 8 கிராமுக்குமேல் புரதம்.

இரண்டாம் படி: நான்கு நாள் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். உங்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டி ஒன்றில் எத்தனை கிராம் சோறு எழும்புகிறது என்று ஒரே ஒரு முறை நிறுத்துப் பார்த்தால் போதும், பிறகு கரண்டிக் கணக்கிலேயே காலம் தள்ளலாம். நம் ஊர்ப் பக்கம் சாம்பாருக்கு ஒரு மலை, ரசத்துக்கு ஒரு மலை, மோருக்கு ஒரு மலை என்று மூன்று முறை போட்டுக்கொள்வது வழக்கம். அப்படிச் சாப்பிடும் மதியச் சாப்பாடு 450 கிராம் சோற்றைத் தாண்டுவது சாதாரணம். அதுவே 125 கிராம் மாவுச்சத்து, நாள் கணக்கில் பாதிக்குமேல்.

டீயையும் எழுதுங்கள். இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீயில் 8 முதல் 10 கிராம் இருக்கிறது. ஆலையிலோ அலுவலகத்திலோ நாளுக்கு நான்கு முறை குடித்தால் மூன்று இட்லிக்குச் சமம். ஆனால் மூன்று இட்லி தரும் நிறைவு அதில் வராது. குறைப்பதற்கு இதைவிட எளிதான இடம் வேறில்லை.

மூன்றாம் படி: பயிற்சி வேளையை நிலைப்படுத்தி, அதைச் சுற்றி அடுக்குங்கள்

காலையில் பயிற்சி செய்பவர்களுக்கு வேலை எளிது. முந்தைய இரவு ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் தசைகளில் கிளைகோஜன் இருக்கும், தூக்கத்தில் குறைவது பெரும்பாலும் கல்லீரலில் உள்ளதுதான். முக்கால் மணி நேர நடைக்கு ஒன்றும் சாப்பிடாமல் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். பளு தூக்கப் போகிறவர்கள் அரை மணி நேரத்துக்குமுன் ஒரு ஏலக்கிப் பழமோ, மோர் கலந்து நீர்க்கக் கரைத்த கேழ்வரகுக் கூழ் ஒரு தம்ளரோ எடுத்துக்கொண்டால் கைகால் தளராது. ஆடி மாதம் அம்மன் கோவில்களில் ஊற்றும் அதே கூழ்தான். அதை ஆண்டு முழுவதும் வீட்டில் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பயிற்சி முடிந்து எட்டு மணிக்கு நான்கு இட்லி, சாம்பார், இரண்டு முட்டை. மதியம் 250 கிராம் சோறு, கீரை அல்லது கூட்டு, மீனோ பருப்போ. மாலை ஒரு கிண்ணம் சுண்டல். இரவில் இரண்டு சப்பாத்தி, காய்கறி, தயிர். மாவுச்சத்தில் பெரும்பகுதி மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது.

மாலைக்காரர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல், காலணித் தொழிற்சாலைகளில் வேலை முடிந்து வருபவர்கள், மருத்துவமனைப் பணியிலிருந்து வருபவர்கள் எல்லோரும் ஆறரை மணிக்கு மேல்தான் ஜிம்முக்குள் நுழைகிறார்கள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது. ஐந்து மணிக்குப் பசி கிள்ளும்போது கண்முன் நிற்பது பஜ்ஜியும் போண்டாவும். எண்ணெயில் பொரித்தது வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், பயிற்சியின்போது நெஞ்சுக்கரிப்பாக மேலே வரும். சிலர் அதற்குப் பயந்து எதுவும் சாப்பிடாமல் போகிறார்கள். பிறகு வீடு திரும்பி, ‘இரவில் சோறு கூடாது’ என்று இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொண்டு, பத்தரை மணிக்குப் பசி தாங்காமல் மிக்சர் டப்பாவைத் திறக்கிறார்கள். ஜிம்மில் ஒரு செவிலியர் தங்கை, “அண்ணா, பகலெல்லாம் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன், ராத்திரிதான் எல்லாம் கெட்டுப்போகிறது” என்று சொன்னார். கெட்டது ராத்திரியில் இல்லை. ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் கிடைக்க வேண்டியது கிடைக்காததால் வந்த வினை அது.

மாலைப் பயிற்சிக்காரர்கள் இப்படி அடுக்கிப் பாருங்கள். காலை இரண்டு இட்லி, சாம்பார், இரண்டு முட்டை: 35 கிராம். மதியம் 200 கிராம் சோறு, பருப்பு, காய்: 70. மாலை ஐந்தரைக்கு ஒரு வாழைப்பழம், ஒரு கரண்டி சர்க்கரையோடு டீ: 25. ஏழே முக்காலுக்குப் பயிற்சி முடித்து எட்டேகாலுக்கு 250 கிராம் சோறு அல்லது மூன்று தோசை, கோழிக்குழம்பின் கறித்துண்டுகள், கூட்டு: 80. பால், தயிர், பழம் எல்லாம் சேர்த்து மீதி 30. மொத்தம் 240. ‘இரவில் சோறு சாப்பிட்டால் கொழுப்பாகிவிடாதா?’ என்று கேட்பீர்கள். நாள் கணக்கு 240-க்குள் நிற்கும்வரை ஆகாது. கால் தசைகள் காலியாகி நிற்கும் நேரம் அது, சோறு போய்ச் சேரும் இடம் அங்கேதான். படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேர இடைவெளி மட்டும் விடுங்கள், தூக்கமும் செரிமானமும் கெடாது.

இரவுப் பணியில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். நீங்கள் எழும் நேரமே உங்கள் காலை. பணிக்குப் போகுமுன் பயிற்சி, பயிற்சி முடிந்ததும் பெரிய சாப்பாடு, பணியின் நடுவே சுண்டல், முட்டை போன்ற சிறியது.

பயிற்சிக்கு எவ்வளவு முன்னால்?

முழுச் சாப்பாடு என்றால் மூன்று மணி நேரம். இரண்டு இட்லி போன்ற சிறு டிபன் என்றால் ஒன்றரை மணி நேரம். பழம் என்றால் அரை மணி நேரம். வேர்க்கடலையை, நம் கிராமத்து மல்லாட்டையை, பயிற்சிக்குச் சற்றுமுன் சாப்பிடுபவர்கள் நிறைய. நல்ல உணவுதான். ஆனால் அதில் பாதி கொழுப்பு. 30 கிராம் கைப்பிடியில் 170 கலோரி இருக்கும், மாவுச்சத்து 5 கிராம்கூட இருக்காது. உடனடி எரிபொருளாக அது உதவாது, வேறு வேளையில் அளந்து சாப்பிடுங்கள்.

பயிற்சியின் நடுவே ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்குத் தண்ணீர் போதும். குளுக்கோஸ் பொடியும் வண்ண வண்ணப் பானங்களும் தேவையில்லை. அவை ஒரு மணி நேரத்துக்குமேல் ஓடுபவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் உரியவை, அவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை பயன்படும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் நம் ஊர் வெயிலுக்குத் தனி மரியாதை கொடுத்தாக வேண்டும். நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஏழு மணிக்குமுன் பயிற்சியை முடித்துவிடுங்கள், முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். வெப்பத்தில் உடல் கிளைகோஜனை வேகமாகச் செலவழிக்கும், வழக்கத்தைவிடச் சீக்கிரம் களைப்பு வந்தால் அது சோம்பல் இல்லை.

முடித்த பிறகு அவசரம் வேண்டாம்

அரை மணி நேரத்துக்குள் சாப்பிடாவிட்டால் பயிற்சியே வீண் என்று மிரட்டுவார்கள். ஒரே நாளில் இரண்டு முறை கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்குத்தான் அந்த அவசரம் பொருந்தும். அவர்கள் முதல் நான்கு மணி நேரத்துக்கு மணிக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் அளவில் மாவுச்சத்து எடுத்துக்கொள்வார்கள். நாளைக்குத்தான் அடுத்த பயிற்சி என்றால், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வழக்கமான சாப்பாடு போதும். கிளைகோஜன் ஒரு நாளில் நிதானமாக நிரம்பிக்கொள்ளும்.

வேலூர் பளுதூக்குதலுக்குப் பேர்போன ஊர். சத்துவாச்சாரியில் பிறந்த சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார், 2018-இல் கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம். அந்தப் பெருமையில் வளர்ந்த நம் இளைஞர்கள், போட்டிக்குத் தயாராகும் வீரர்களின் சாப்பாட்டை அப்படியே பின்பற்ற ஆசைப்படுகிறார்கள். நாள் முழுவதும் பயிற்சிக் கூடத்தில் இருக்கும் உடலுக்கும் 50 நிமிடம் மட்டும் ஜிம்மில் இருக்கும் உடலுக்கும் தட்டு ஒன்றாக இருக்க முடியாது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஓய்வு நாளும் பிரியாணி நாளும்

பயிற்சி இல்லாத நாளில் பயிற்சியை ஒட்டிச் சாப்பிடும் பங்கில் 40 முதல் 50 கிராமைக் குறைத்துக்கொள்ளுங்கள். புரதத்தைக் குறைக்க வேண்டாம். அந்த இடத்தை இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயோ கீரையோ நிரப்பட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியை விலக்கச் சொல்ல எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை. அன்று காலை கால் தசைகளுக்கான கடினமான பயிற்சியை வைத்துக்கொண்டு, மதியம் சீரகச் சம்பாப் பிரியாணியை ஒரே தட்டு, கறியோடு நிறைவாகச் சாப்பிடுங்கள். தொட்டுக்கொள்ளும் எண்ணெய்க் கத்திரிக்காயில் எண்ணெய் மிதக்கும், இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள். வெங்காயத் தயிர்ப் பச்சடி எவ்வளவு வேண்டுமானாலும் போகட்டும். ஆற்காட்டு மக்கன் பேடாவை அதே நாளில் சேர்க்காதீர்கள், அதற்கு வேறு ஒரு பயிற்சி நாள் வரும். ‘சாப்பிட்டுவிட்டு நடந்து கரைத்துவிடுவேன்’ என்ற கணக்கு மட்டும் வேண்டாம். 75 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 300 கலோரிதான்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போதோ, அன்று இரவு தூக்கத்திலோகூட இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மாவுச்சத்தைக் குறைப்பதற்கு முன்பும் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பும் மருத்துவரிடம் பேசி மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். பயிற்சிக்குமுன் சர்க்கரை அளவு 90-க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள், வெறும் வயிற்றில் நடப்பது உங்களுக்கு ஏற்றதில்லை. பையில் எப்போதும் மூன்று நான்கு டீக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். 70-க்குக் கீழே இறங்கியிருந்தால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. துணைக்கு ஒருவர் இல்லாமல் விடியற்காலையில் தனியாக வெளியே நடக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே சொன்ன புரத அளவையும் மருத்துவரைக் கேட்காமல் பின்பற்றக் கூடாது. கருவுற்றிருக்கும் பெண்கள் இந்தக் கலோரிக் குறைப்பில் இறங்க வேண்டாம்.

மூன்று வாரம் கழித்துப் பாருங்கள்

தினமும் காலையில் எடை பார்த்து ஏழு நாள் சராசரியை எழுதுங்கள், ஒரு நாளின் எண்ணை நம்பாதீர்கள். வாரம் ஒரு முறை தொப்புளை ஒட்டி இடுப்பை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நம்மைப் போன்ற தெற்காசிய உடல்களுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை என்று மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். அதோடு ஜிம்மில் தூக்கும் எடையையும் எழுதுங்கள்.

வாரத்துக்கு அரை கிலோ அளவில் சராசரி இறங்கி, இடுப்பும் குறைந்து, தூக்கும் எடை நிலைத்திருந்தால் எதையும் தொடாதீர்கள். சராசரி மூன்று வாரமும் அசையவில்லை என்றால் 30 முதல் 40 கிராம் மாவுச்சத்தைக் குறையுங்கள். முதலில் டீச்சர்க்கரையில். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால், பயிற்சி நேரத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கும் வேளையில்: காலைப் பயிற்சிக்காரர்களுக்கு இரவுச் சாப்பாடு, மாலைப் பயிற்சிக்காரர்களுக்குக் காலைச் சாப்பாடு. பயிற்சி முடிந்து உட்காரும் அந்தத் தட்டில் கை வைப்பது கடைசியில்தான்.